ஃப்ரிட்ஜில் எப்போதும் நான்கு டிகிரி

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய என் தாய்மாமா டாக்டர் பஹ்கத் அவர்களுக்கு,

தங்கள் மூத்த அக்கா மகள் ஷுரூக், ரஷீத் ஊரில் தங்கள் மருந்துக்கடையின் பின்னறையில், அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து எழுதுவது. ஸலாம். தங்கள் ஹஜ்ஜையும் மாமியின் ஹஜ்ஜையும் இறைவன் ஏற்றுக்கொள்வானாக. மாமியின் கால் வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நலம், கடை நலம், கடையில் நிற்கும் ஷலபி சாச்சாவும் நலம். இந்தக் கடிதத்தைத் தங்கள் மேஜையின் இழுப்பறையில் வைக்கிறேன். ஒன்பது நாள் கழித்து வந்ததும் ஜம்ஜம் தண்ணீர் கேன்களை இறக்கி வைத்து, கால் கழுவி, தேநீர் குடித்து, அதன் பிறகு படித்தால் போதும். அவசரம் ஒன்றும் இல்லை. நேற்று மினாவிலிருந்து தாங்கள் போன் செய்தபோது "கடை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டீர்கள். நான் "நல்லா இருக்கு மாமா" என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அது பொய் இல்லை, சுருக்கம். விரிவாகச் சொல்ல எனக்கு வாய் வராது என்பது தங்களுக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

மாமா, எல்லாவற்றுக்கும் முன்னால் என் கண்ணில் பட்டது ஒரு காற்றுக் குமிழி. மருந்து ஃப்ரிட்ஜுக்குள் வெப்பம் காட்டும் சின்னப் பெட்டி இருக்கிறதே, அதன் கண்ணாடியில் தெரியும் நான்கு என்ற எண்ணுக்குள் அந்தக் குமிழி இருந்தது. கடுகு அளவுதான். எண்ணுக்குள் எப்படிக் காற்று போகும் என்று யோசித்தேன். பெருநாளுக்கு மூன்று நாள் முன்பு, கடையில் ஆள் இல்லாத நேரத்தில், அந்தப் பெட்டியை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். தெருவில் நாய்கள்கூட டுக்டுக் ஆட்டோ நிழலை விட்டு வராத வெயில். பெட்டி நான்கு என்றது. ஷலபி சாச்சாவின் தேநீர்க் குவளையோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். நான்கு. அக்குளில் வைத்தேன், மன்னிக்கவும், அப்போதும் நான்கு. பிறகு நகத்தால் ஓரத்தைக் கீறினேன். நான்கு அப்படியே உரிந்து என் விரலோடு வந்துவிட்டது. அது கடையில் வாங்கும்போது கண்ணாடி மேல் மாதிரிக்காக ஒட்டியிருக்கும் மெல்லிய தாள், மாமா. அதன் அடியில் கண்ணாடி காலியாக இருந்தது. பின்பக்கம் திறந்து பார்த்தேன். பேட்டரியே போடவில்லை.

தாங்கள் அலெக்ஸாண்டிரியாவில் தரப் பயிற்சிக்குப் போய்வந்து, பதினோரு விதிகளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினீர்களே, அதில் இரண்டாவது விதி, ஃப்ரிட்ஜின் வெப்பத்தைக் காலையும் மாலையும் பார்த்து ஏட்டில் எழுத வேண்டும் என்பது. ஷலபி சாச்சா அதைத் தவறாமல் செய்திருக்கிறார். சிவப்பு அட்டை ஏட்டில் இரண்டு வருடத்துக்கு நான்கு, நான்கு, நான்கு என்று முத்து முத்தாக எழுதி வைத்திருக்கிறார். இந்த மாதத்துக்கு உரியதை முன்கூட்டியே முடித்துவிட்டார். நாட்காட்டியில் இல்லாத ஜூன் முப்பத்தொன்றாம் தேதி மாலையிலும் நான்கு டிகிரிதான் இருக்கப்போகிறது. பரிசோதகர் போன முறை வந்து அந்த ஏட்டைப் பார்த்துவிட்டு, "இந்த மாவட்டத்திலேயே இப்படி ஒரு ஃப்ரிட்ஜ் நான் பார்த்ததில்ல" என்று தங்கள் தோளைத் தட்டிவிட்டுப் போனது எனக்கு நினைவிருக்கிறது.

நான் அந்தத் தாளை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். திரும்ப ஒட்டிவிட்டேன். இப்போது அதில் இரண்டு குமிழி இருக்கிறது. சாச்சாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லப் போய் அவர் முன்னால் நின்றேன். அவர் நிமிர்ந்து, "என்னடி?" என்றார். நான், "தேநீர் வேணுமா சாச்சா?" என்று கேட்டுவிட்டேன். அவர் வேணும் என்றார். அன்று மட்டும் ஐந்து முறை சொல்லப் போய் ஐந்து முறை தேநீர் போட்டேன். ராத்திரி தூக்கமே வரவில்லை என்று மறுநாள் புலம்பினார்.

மாமா, சாச்சாவைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். இருபத்திரண்டு வருடம் கடையில் நிற்பவர், மாத்திரையைத் தொட்டே பெயர் சொல்பவர். விதிகளைப் பார்க்கும் விதம்தான் வேறு. நான்காவது விதி, அட்டையிலிருந்து மாத்திரை வெட்டிக் கொடுத்தால் காலாவதித் தேதி உள்ள பக்கம் கடைசிவரை நம்மிடம் இருக்க வேண்டும் என்கிறது. சாச்சா தேதி உள்ள பக்கத்திலிருந்துதான் வெட்ட ஆரம்பிப்பார், அங்கேதான் பிடிக்க வாகாக இருக்கிறதாம். மிச்சத் துண்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அதற்கு 'அநாதைகள்' என்று பெயர் வைத்திருக்கிறார். ஒவ்வோர் அநாதைக்கும் தாய் தகப்பனைக் கண்டுபிடிப்பதுதான் ஏழு மாதமாக என் வேலை. அந்த வேலையில் எனக்குக் குறை இல்லை. மாத்திரைகள் பேசச் சொல்வதில்லை.

இனி பெருநாள் விஷயம். நம் கடை, அரசு ரொட்டி அடுப்பின் மின்கம்பியில் இருப்பதால் தெருவே இருண்டாலும் நமக்கு மின்சாரம் போவதில்லை. இது தெரு முழுவதும் தெரியும். நேற்று முதல் பெருநாள், தொழுகை முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மாடியில் குடியிருக்கும் தஃபீதா ஹாஜியம்மா இரண்டு பெரிய தட்டுகளில் குர்பானிக் கறியோடு வந்துவிட்டார். ஏழு பேர் கூட்டுச் சேர்ந்து அறுத்த கன்று. வீட்டுப் பங்கு அவர்கள் ஃப்ரீஸரில் ஏறிவிட்டதாம். சொந்தக்காரர் பங்கு மருமகள் ஃப்ரீஸரில். ஏழைகள் பங்குக்கு இடமில்லை.

நான் சுவரில் உள்ள மூன்றாவது விதியைக் கை காட்டினேன். மருந்து ஃப்ரிட்ஜில் சாப்பாட்டுப் பொருள் வைக்கக் கூடாது. அதன் மேல்தான் சாச்சா தன் தொப்பியை மாட்டியிருந்தார். தொப்பியை எடுத்துக் காட்டினேன்.

"சாப்பாடுன்னுதானே போட்டிருக்கு?" என்றார் சாச்சா. "இது எங்க சாப்பாடு? சமைக்கிற வரைக்கும் இது வெறும் கறி."

"ஏன்டி பொண்ணே, இது ஏழைங்க பங்கு," என்றார் ஹாஜியம்மா. "ஏழைங்க பங்க வெயில்ல வைக்கச் சொல்றியா? உன் மாமா அங்க அரஃபாவுல நின்னு அழுது துஆ கேட்டுட்டு வர்றார், நீ இங்க இந்த வேலை பண்றியா?"

நான் தொப்பியைத் திரும்ப மாட்டிவிட்டேன். ஹாஜியம்மாவுக்கு இடம் கிடைத்தது என்று தெரிந்ததும் ரொட்டி அடுப்புக்காரர் ஒரு தொடை கொண்டுவந்தார், முடிதிருத்துபவர் ஈரல் கொண்டுவந்தார், இரண்டாவது மாடி வக்கீல் ஒரு கன்றுத் தலையையே கொண்டுவந்து, அது கொள்ளாமல் திரும்ப எடுத்துப் போனார். எது யாருடையது என்று குழம்பக் கூடாதே என்று சாச்சா, மருந்துப் பெட்டிகளில் ஒட்டும் சீட்டுகளை எடுத்துப் பொட்டலங்களில் ஒட்டினார். கைப்பழக்கம் விடுமா? 'ஹாஜியம்மா, ஏழைகள் பங்கு, தினம் மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின்' என்று ஒன்றில் எழுதியிருந்தது. இடம் போதாமல் இன்சுலின் பெட்டியைப் பின்பக்கம், பனித்தகட்டோடு சேர்த்துத் தள்ளினார். மாலையில் ஈரல் வாடை வந்தது. சாச்சா குனிந்து, குளிரைக் கூட்டும் திருகியை அது போகும் வரை திருப்பிவிட்டு எழுந்து, வெப்பம் காட்டும் பெட்டியைப் பார்த்தார். "பாத்தியா, நாலு!" என்றார். "எவ்வளவு திருகினாலும் நாலுலயே நிக்குது. அந்தக் காலத்துச் சரக்கு."

அப்போது நான் பேசியிருக்க வேண்டும், மாமா. தேநீர் போட்டேன்.

இன்று காலை இஃப்பத் டீச்சர் வந்தார். எதிர்க் கட்டடம், நான்காவது மாடி, என் பழைய பள்ளியின் தலைமையாசிரியை. அம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்ட வருடம் நான் பள்ளியை விட்டது தங்களுக்குத் தெரியும். முதுகு சரியான பிறகும் போகவில்லை, என்னோடு படித்தவர்கள் மேல் வகுப்புக்குப் போய்விட்டார்கள், சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கமாக இருந்தது. வீட்டிலிருந்தே தேர்வு எழுதலாம் என்று டீச்சர் ஒரு படிவத்தோடு என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் தெருவைக் கடக்கும்போதே செருப்புச் சத்தம் எனக்குத் தெரிந்துவிடும். உடனே பின்னறைக்குள் ஓடி, பெரியவர்கள் அணியும் டயப்பர் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன்.

"எங்க அந்தப் பொண்ணு?" என்று டீச்சர் கேட்டது காதில் விழுந்தது.

"பின்னாடி மருந்து அடுக்குது டீச்சர்," என்றார் சாச்சா.

"ஏழு மாசமா அடுக்குது! அப்படி எத்தனை ஆயிரம் மருந்து வெச்சிருக்கீங்க?"

அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டேன். போய்விட்டார் என்று உறுதியான பிறகுதான் வெளியே வந்தேன்.

நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால், ஆறாவது விதிப்படி இன்சுலினின் தேதி பார்க்கலாம் என்று, கறிப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பின்னால் கையை விட்டு ஒரு குப்பியை எடுத்தேன். சாய்த்தேன். குப்பி சாய்ந்தது, உள்ளே இருந்தது சாயவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடிக்குள் பனி ஊசி ஊசியாக நின்றது. வேறு ஒன்றை எடுத்தேன், அதுவும் அப்படித்தான். ஏசி ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றி, நான்கை உரித்துப் போட்டுவிட்டு, வெப்பம் காட்டும் பெட்டிக்குப் போட்டேன். பெட்டி இரண்டு வருடத்தில் முதல் தடவையாக உண்மை பேசியது. பூஜ்ஜியத்துக்குக் கீழே மூன்று.

சாச்சாவிடம் பெட்டியையும் குப்பியையும் ஒன்றாக நீட்டினேன்.

"இது என்ன மூணு? முன்னாடி ஒரு கோடு வேற? கெடுத்துட்டியா?" என்றார். பிறகு குப்பியைப் பார்த்தார். "சரி, உறைஞ்சிருக்கு. வெயில்ல வெச்சா உருகிடும். உருகிட்டா தண்ணி தண்ணிதானே?"

நான்கைந்து குப்பிகளை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தார். கால் மணி நேரத்தில் உருகியும் விட்டன, மாமா. புதிது போலப் பளிச்சென்று இருந்தன. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. தங்களுக்குப் பதிலாகக் கடையைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் தெமியானா தமன்ஹூர் கடையையும் பார்ப்பதால், நேற்று வரவில்லை, இன்றும் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் வருவார். பேச வராதே, அதனால் செய்தி அனுப்பினேன். "டாக்டர், உறைந்த இன்சுலின் உருகினால் நல்லதா?" ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. "இல்ல! பாக்க நல்லா இருக்கும், உடம்புல வேலை செய்யாது. மொத்தத்தையும் ஒதுக்கி வை. யாராவது வாங்கிட்டுப் போயிருந்தா உடனே திரும்ப வாங்கு. நான் வரும்போது புதுசு கொண்டு வர்றேன்."

சாச்சாவிடம் போய், "யாராவது வாங்கினாங்களா?" என்று கேட்டேன். அவர் முடிதிருத்துபவருக்கு ஈரலை நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், மாத்திரைப் பொடி நிறுக்கும் தராசில். தலையை ஆட்டினார். இல்லை என்று எடுத்துக்கொண்டேன். பிறகு குப்பிகள் எல்லாவற்றையும் வாரிக் கறுப்புப் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். அதைத்தான் அவர் பார்த்தார்.

"ஏய்! ஏய்! அது மருந்துடி!"

பையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"குடு இங்க. உன் மாமா அங்க சைத்தானுக்குக் கல் எறியறார், நீ இங்க எனக்கு எறியறியா?"

தெமியானா டாக்டரின் செய்தியைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து இரண்டு முறை படித்தார். வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்தவர் முகம் தெளிவாக இருந்தது. "சரி. மருந்துதான் போச்சு. அப்ப இனிமே இது மருந்து ஃப்ரிட்ஜ் இல்ல. கறிக்கு என்ன தடை?" என்றார்.

மாமா, இதற்குப் பதில் பதினோரு விதிகளிலும் இல்லை. நான் கறிப் பொட்டலங்களை வெளியே எடுத்து மேஜை மேல் அடுக்கிவிட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். தெரு திரண்டுவிட்டது. ஏசி வேறு நின்றிருந்தது, போட ரிமோட்டில் பேட்டரி இல்லை. வயிற்றுக்கு மருந்து கேட்டு வந்த ஒருவர் கையில் யாரோ அரைக்கிலோ ஈரலைத் திணிக்க, அவர் "இத எத்தனை வேளை?" என்று கேட்டார்.

ஹாஜியம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "என்னடி இது? ஏழைங்க பங்கு மேஜை மேல கிடக்குது? வாய் இல்லையா உனக்கு?"

"இருக்கு ஹாஜியம்மா," என்றார் சாச்சா. "ரேஷன்ல குடுக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பையின் முடிச்சை அவிழ்த்து ஹாஜியம்மாவிடம் காட்டினேன். எட்டிப் பார்த்தார். "இன்சுலினா? இவ்வளவுமா? என் கறியாலயா?" என்றார். நான் தலையாட்டினேன். அவருடைய தங்கை மகனும் இன்சுலின் போடுபவர்தான். பையின் முடிச்சை அவரே திரும்பப் போட்டார். பிறகு திரும்பி மொத்தத் தெருவையும் ஒரு பிடி பிடித்தார். "என்ன வேடிக்கை? ஆளுக்கொரு பொட்டலம் தூக்குங்க! ஏழைங்க பங்கு இன்னிக்கே ஏழைங்ககிட்டப் போகணும், ஃப்ரிட்ஜுல வெச்சு அழகு பாக்கறதுக்கு இல்ல. ஏய் ஷலபி, தராசைக் கழுவு!" என்றார். பத்து நிமிடத்தில் கடை காலி. அவருடைய கறிதான் முதலில் வந்தது என்பதை யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

ஃப்ரிட்ஜைத் துடைத்து, திருகியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். இப்போது வெப்பம் ஐந்து. பிறகு ஆறு, மறுபடி ஐந்து. எண் மாறுவதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது. சாச்சாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை, "முன்ன மாதிரி நிலையா இல்ல" என்கிறார். ஆக, மாமா, கெட்டது கொஞ்சம் மருந்துதான், அதுவும் யார் கைக்கும் போகவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது. தாங்கள் கவலைப்பட ஒன்றும் இல்லை.

என் ஒரே வேண்டுகோள் இதுதான். மருந்துக்கடையில் பேச வேண்டியதைப் பேச வேண்டிய நேரத்தில் பேச ஓர் ஆள் வேண்டும். அது நான் இல்லை. வந்ததும் என்னை முன் மேஜையிலிருந்து விலக்கி, பின்னறையில் அநாதைகளோடு மட்டும் விட்டுவிட வேண்டுகிறேன். ஆட்கள் வருவதும் போவதும் எனக்கு வேண்டாம்.

மாமிக்கு என் ஸலாம். வரும் வழியெல்லாம் தங்களுக்கு நிழலும் தண்ணீரும் நல்ல பேருந்து ஓட்டுநரும் கிடைக்க வேண்டும் என்று துஆ செய்யும்,

தங்கள் அன்பு மருமகள்
ஷுரூக்

பின்குறிப்பு: மாமா, மேலே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறேன். சரியாகவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் படிக்கச் சொன்னதையும் அடித்துவிடுங்கள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, ஒன்பதாவது விதிப்படி, கழித்த மருந்துகளை ஏட்டில் ஒவ்வொன்றாக எழுத உட்கார்ந்தேன். சரக்கு வந்த சீட்டில் பன்னிரண்டு குப்பி. பையில் பதினொன்று. திரும்ப எண்ணினேன், பதினொன்று.

சாச்சாவிடம் போனேன். "ஒரு குப்பி எங்க?"

"காலையில இஃப்பத் டீச்சர் வாங்கிட்டுப் போனாங்களே. நீ அப்ப பின்னாடி அடுக்கிட்டிருந்தே."

"மத்தியானம் நான் கேட்டேனே சாச்சா!"

"நீ கேட்டது உன் காதுக்கே கேட்டிருக்காது," என்றவர், நான் நிற்பதைப் பார்த்துத் தானும் எழுந்து நின்றார். டீச்சர் மாலைச் சாப்பாட்டுக்கு முன்னால், ஆறு மணிக்கு ஊசி போடுபவர். கறியும் சோறும் ரொட்டியுமாகப் பெருநாள் சாப்பாடு. மணி ஐந்தே முக்கால். சாச்சா போன் செய்தார், அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. "நாலு மாடி," என்றார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. "நான் ஏறி முடிக்கறதுக்குள்ள அடுத்த பெருநாள் வந்துடும்."

நான் தெருவைக் கடந்தேன். இரண்டிரண்டு படியாக ஏறினேன். மணியை அழுத்தினேன், விரலை எடுக்கவில்லை.

டீச்சரே கதவைத் திறந்தார். ஒரு கையில் இன்னும் மருந்து ஏற்றாத ஊசி இருந்தது, மறு கையில் குப்பி. "யாரு இந்த நேரத்துல இப்படி... ஷுரூக்கா? அடியே, உன்னை எங்கெல்லாம் தேடறது! வா உள்ள, அந்தப் படிவம்..."

"டீச்சர், அந்த மருந்தப் போடாதீங்க!" என்றேன். "கெட்டுப்போச்சு. எங்க கடையிலதான் கெட்டுச்சு. காலையில நான் ஒளிஞ்சுக்கிட்டிருந்தேன், அதனால தெரியாமப் போச்சு."

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. மூன்றாவது மாடிக் கதவு திறந்த சத்தம் கேட்டது.

குப்பிக்காகக் கையை நீட்டினேன்.